உள்ளங்காலில் கறுப்புக் கறையா? அலட்சியம் வேண்டாம்

அனோரத்தா வீதி காளியம்மன் கோயிலானாலும் சுவேடகோன் பகோடாவானாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். வீடு திரும்பியதும் காலைக் கழுவுகிறோம். ஆனால் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

"தோல் புற்றுநோயா? அது வெள்ளைக்காரர்களுக்கு வருவது" என்று நம்மவர்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். இது பாதி உண்மைதான். மெலனோமா என்னும் கொடிய வகை நமக்குக் குறைவாகவே வருகிறது. ஆனால் வரும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் வருகிறது. இந்த இடங்களில் வருவதற்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பு இல்லை. ஆகவே முகத்தில் தனக்கா பூசிக்கொண்டால் போதும் என்று இருந்துவிட முடியாது.

ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்தின் அடியில் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. கால்பந்து ஆடியபோது பட்ட காயம் என்றே முதலில் நினைத்தார்களாம். நோய் நுரையீரல், கல்லீரல், மூளை வரை பரவி, 1981-இல் தமது 36-ஆம் வயதில் காலமானார்.

கால் விரலில் தொடங்கியது மூளைக்குள் எப்படிப் போகிறது? மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அவற்றின் சுவர்ச் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று இறுகப் பூட்டியிருக்கும். இதை இரத்த-மூளைத் தடுப்பு என்பார்கள். 1885-இல் பால் எர்லிக் என்ற ஜெர்மானிய அறிஞர் விலங்குகளின் இரத்தத்தில் சாயத்தைச் செலுத்தியபோது மற்ற உறுப்புகளெல்லாம் நிறம் மாறின, மூளை மட்டும் மாறவில்லை. அத்தகைய மதிலையும் மெலனோமா செல்கள் தாண்டிவிடுகின்றன. 2010-இல் ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் உயிருள்ள எலியின் மூளையில் இதை நுண்ணோக்கி மூலம் பல நாள் தொடர்ந்து கவனித்தார்கள். இரத்தத்தில் வரும் புற்றுச் செல், குழாய் கிளை பிரியும் குறுகலான இடத்தில் சிக்கிக்கொள்கிறது. பிறகு சுவரைத் துளைத்து மெல்ல வெளியே நழுவி, அந்தக் குழாயின் வெளிப்புறத்தையே கட்டிக்கொண்டு வளர்கிறது. வந்தவற்றில் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன. பிழைக்கும் சிலவே ஆளைக் கொல்லப் போதும். இதில் கொடுமை என்னவென்றால், பல மருந்துகளை உள்ளே விடாமல் தடுப்பதும் அதே மதில்தான்.

நம்பிக்கையே இல்லை என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-இல் மூளையில் நான்கு இடங்களில் மெலனோமா இருந்தது. கதிர்வீச்சும், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பெம்புரோலிசுமாப் மருந்தும் கொடுத்துக் குணமாகி, 2024-இல் 100 வயதில் மறைந்தார். ஆனால் அந்த மருந்து எல்லோருக்கும் பலிப்பதில்லை. விலையோ நம்மில் பலருக்கு எட்டாதது.

ஆகவே என் கருத்து, மூளை வரை போகவிட்டு வைத்தியம் தேடுவதைவிடக் காலிலேயே பிடித்துவிட வேண்டும் என்பதே. கால் ஆணி என்று நினைத்து பிளேடால் சீவுவதும், பச்சிலை வைத்துக் கட்டுவதும் வேண்டவே வேண்டாம். நகத்தில் அடிபட்ட இரத்தக் கறை என்றால் நகம் வளர வளர நுனியை நோக்கி நகரும். நகராமல் அகலமாகும் கறுப்புக் கோடு, நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் பரவும் கறுப்பு, உள்ளங்காலில் ஓரம் ஒழுங்கில்லாமல் பெரிதாகும் கறை, ஆறாத புண் இவற்றைக் கண்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நம் நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கோடுகள் இருப்பது சகஜம், அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. மருத்துவர் சிறு துண்டு வெட்டிப் பரிசோதிக்கச் சொன்னால், "கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பேச்சைக் கேட்டு ஓடிவிடாதீர்கள்.

வயதானவர்களால் குனிந்து தங்கள் காலைப் பார்க்க முடியாது. எங்கள் வீட்டில் சனிக்கிழமை அம்மாவுக்கு எண்ணெய் தேய்க்கும்போது, பேரன் டார்ச் அடித்து விரல் இடுக்கு வரை பார்த்துவிடுகிறான். அம்மாவுக்குக் கூச்சம்தான், திட்டிக்கொண்டே காலை நீட்டுகிறார்.