தொழுவத்தில் கண்ட அற்புதம்

  வேற்று மதத்தினராகிய நம்மவரும் கிறிஸ்துமஸ் திருநாளின் கதையை ஒரு முறை ஊன்றிக் கவனிப்பது நன்று. வானத்து நட்சத்திரமும் தேவதூதர் கானமும் அதில் உண்டு என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் கதை நடக்குமிடத்தில் கிடப்பவையெல்லாம் நாம் அன்றாடம் கண்டும் காணாமல் கடந்து செல்லும் சாமான்களே.

லூக்காவின் சுவிசேஷத்தில் இயேசுவின் பிறப்பைக் கூறும் அத்தியாயம் ஒரு சர்க்கார் உத்தரவுடன் தொடங்குகிறது. ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்து ஸீஸர் தம் ஜனங்களையெல்லாம் குடிக்கணக்கில் பதியுமாறு ஆணையிட்டார். அந்தக் கணக்கெடுப்பின் காலத்தைப் பற்றிச் சரித்திராசிரியரிடையே நெடுநாள் வழக்குண்டு. அது இங்கே நமக்கு வேண்டா. அந்நிய ஆட்சியின் ஆணைக்குக் கட்டுப்பட்டு, ஓர் ஏழைத் தச்சர் நிறைகர்ப்பிணியான மரியாளுடன் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் பிரயாணமானார். சத்திரத்தில் இடமில்லை. பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி, மாட்டுக்குத் தீனி வைக்கும் முன்னணையில் கிடத்தினாள் தாய். லூக்கா கூறுவது இவ்வளவே. எருதும் கழுதையும் அங்கிருந்தன என்பதற்கு அவருடைய சாட்சியத்தில் ஒரு சொல்லும் இல்லை. வக்கீல் தொழில் பழகியவன் கண்ணுக்கு இது தப்பாது. ஏசாயாவின் நூலில் வேறொரு சந்தர்ப்பத்தில் வரும் அவ்விரு பிராணிகளையும் பிற்காலத்துப் பக்தர்களே இத்தொழுவத்தில் கொண்டுவந்து கட்டினர். கட்டியது சரியே என்பது நமது தீர்ப்பு.

அவற்றை உயிருடன் கொண்டுவந்து நிறுத்தியவர் அஸிஸி நகரத்துப் பிரான்ஸிஸ் அடிகள். 1223-ம் ஆண்டு, இத்தாலியில் ரியேத்திப் பள்ளத்தாக்கை அடுத்த கிரெச்சியோ என்னும் மலைச் சிற்றூரில் அது நடந்தது. அக்காலம் எத்தகையது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். இயேசு நடந்த மண்ணைக் கைப்பற்றுவதற்கென்று தொடங்கிய ஐந்தாம் சிலுவைப் போர் தோல்வியில் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அடிகள் 1219-ல் எகிப்து சென்று அப்போர்க்களத்தைக் கண்டவர்; எதிரிப் படையின் நடுவே சென்று சுல்தான் அல் காமிலுடன் உரையாடித் திரும்பியவர். புண்ணிய பூமியை மீட்கப் புறப்பட்டவர்கள் அங்கே எதைச் செய்தார்கள் என்பதைப் பிறர் சொல்லிக் கேட்கவேண்டிய நிலை அவருக்கில்லை.

திருநாளுக்குச் சுமார் பதினைந்து நாட்களுக்கு முன், அவ்வூர்ப் பெரிய மனிதரான ஜான் என்பவரை அழைத்தார் அடிகள். பொன்னும் பட்டும் அவர் கேட்கவில்லை. ஒரு முன்னணை, கொஞ்சம் வைக்கோல், ஓர் எருது, ஒரு கழுதை, இவ்வளவே கேட்டார். அக்குழந்தை பட்ட குறைகளைத் தம் ஊனக்கண்ணால் காணவேண்டும் என்பது அவர் ஆசை. அன்றிரவு சுற்றுப்புறத்து ஜனங்கள் மெழுகுவத்திகளும் தீவட்டிகளும் ஏந்தி மலையேறினர். முன்னணையருகே வழிபாடு நடந்தது. அடிகள் சுவிசேஷத்தைப் பாடிப் பிரசங்கம் செய்தார். பெத்லகேம் என்ற பெயரை ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் இழைத்து உச்சரித்தாராம். அவர் வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தாமஸ் இவற்றையெல்லாம் கூறிவிட்டு, கிரெச்சியோவே புதியதொரு பெத்லகேம் ஆயிற்று என்கிறார். கடல் கடந்து வாளேந்திப் போனவர்கள் அடையாத ஊர், மாட்டுத் தீனியின் நடுவே மலைக் குடியானவர்களுக்குக் கிடைத்துவிட்டது!

அதன்பின் அவ்வூரார் செய்த காரியம் நம்மை இன்னும் கவர்கிறது. அந்த வைக்கோலைப் பத்திரப்படுத்தி வைத்தனர். நோயுற்ற கால்நடைகள் அதைத் தின்று குணமடைந்தன என்று தாமஸ் எழுதுகிறார். குணமடைந்தனவோ இல்லையோ, அதை நிரூபிக்க நாம் முன்வரவில்லை. தெய்வத்தின் அருள் தன் வீட்டு மாட்டின் வயிற்றுக்குள்ளும் செல்லும் என்று ஒரு குடியானவன் நம்பினானே, அந்த நம்பிக்கையே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அடிகளுக்கு இன்னோர் ஆசையும் இருந்தது. சக்கரவர்த்தியைக் காண நேர்ந்தால், கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளுக்காகப் பாதைகளில் தானியம் தூவுமாறு ஒரு சட்டம் செய்யும்படி வேண்டுவேன் என்பாராம்.

இந்த இடத்தில் தமிழர்க்குத் தம் வாசல் நினைவுக்கு வராமல் போகாது. கிறிஸ்துமஸ் வருவது நம் மார்கழியில். விடியற்காலையில் அரிசிமாக் கோலம் இட்டு எறும்புக்கும் குருவிக்கும் படியளந்த பாட்டிமாருக்கு எந்தச் சக்கரவர்த்தியின் சட்டமும் வேண்டியிருக்கவில்லை. இப்போது பெரும்பாலும் கல்மாவைத் தூவி எறும்பை ஏமாற்றுகிறோம். அது வேறு விஷயம். அதே வீதியில், அறுத்த வைக்கோலைப் பரப்பித் தம் வீட்டில் குடில் அமைக்கும் கிறிஸ்தவச் சிறுவர், தாம் அறிந்தோ அறியாமலோ, கிரெச்சியோவின் காரியத்தையே செய்கிறார்கள்.

அன்றாடம் கண்முன் கிடப்பது எதுவோ, அதிலேயே அக்குழந்தையைக் கிடத்திப் பார் என்பதுதான் அடிகள் காட்டிய வழி. கிரெச்சியோவிலிருந்து சரியாக 800 ஆண்டுகள் கழித்து, 2023-ம் ஆண்டு டிசம்பரில், பெத்லகேம் நகரிலேயே திருநாள் கொண்டாட்டங்கள் நிறுத்தப்பட்டன. காஸாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அந்நகரத்து லூத்தரன் ஆலயம் ஒன்றில் அவ்வாண்டும் குடில் அமைத்தார்கள். வைக்கோலுக்குப் பதில் உடைந்த கான்கிரீட்டும் கற்களுமாக ஒரு குவியல். அதன் நடுவே, பாலஸ்தீனத்தார் அணியும் கட்டம் போட்ட துணியில் சுற்றிய சிசு. மரியாளும் யோசேப்பும் இடையரும் ஞானிகளும் அந்த இடிபாட்டைச் சுற்றி நின்று குழந்தையைத் தேடுவதுபோல் வைக்கப்பட்டிருந்தார்கள்.