பூட்டு நமது, சாவி யாருடையது?

உள்நாட்டு இயங்குதளம் பிறந்துவிட்டது, இனிக் கைப்பேசிக்குள் அயலான் கண் நுழையாது என்று 2023 சனவரியில் முரசறைந்தனர். சென்னை ஐ.ஐ.டி.யின் பிரவர்த்தக் அறக்கட்டளையின் அரவணைப்பில் வளர்ந்த ஜேண்ட்கே ஆபரேஷன்ஸ் என்னும் நிறுவனம் ஆக்கித் தந்த 'பார்ஓஎஸ்' அது. சனவரி 24 ஆம் நாள் அமைச்சர்கள் தர்மேந்திர பிரதானும் அஸ்வினி வைஷ்ணவும் அதைக் கையிலேந்திச் சோதித்துக் காட்டினர். படங்கள் வெளிவந்தன, பாராட்டுரைகள் பொழிந்தன. நூறு கோடிக் கைப்பேசியாளருக்குப் பயன்படவல்லது என்றனர். அதே மூச்சில், மறைகாப்பு மிகவும் தேவைப்படும் நிறுவனங்களுக்கே இப்போது தரப்படுகிறது என்றும் சொல்லி வைத்தனர். முரசொலி ஊருக்கெல்லாம், உடைமையோ சிலருக்கு!

ஆண்ட்ராய்டுக்கு வேறு சட்டை மாட்டிவிட்டார்கள் என்று அதை எள்ளி நகையாடியோர் உண்டு. அந்தக் கூட்டத்தில் நாம் சேர மாட்டோம். ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை எடுத்து, கூகிளின் செயலிகளை நீக்கி, வேண்டாத எதுவும் முன்கூட்டியே திணிக்கப்படாத தளமொன்றைக் கட்டியது குற்றமாகாது. சென்னிமலை நெசவாளி பருத்தி விதைத்தா போர்வை நெய்கிறான்? நூற்பாலையில் நூல் வாங்குகிறான், சாயமேற்றுகிறான், பாவு ஓட்டுகிறான், தறியிலேற்றி நெய்கிறான். அது சென்னிமலைப் போர்வை என்பதை மறுப்பார் யார்?

நூல் எங்கிருந்து வந்தது என்பதல்ல நம் கேள்வி. துணியை விரித்துக் காட்டுவாயா என்பதே கேள்வி! இழையை எண்ணிப் பார்க்கலாம், வெயிலில் பிடித்துப் பார்க்கலாம், ஈரக் கையால் தேய்த்துச் சாயம் நிற்கிறதா என்று பார்க்கலாம். விசைத்தறித் துணி கைத்தறி முத்திரையுடன் சந்தைக்கு வந்த வஞ்சகத்தால் வயிறு காய்ந்த ஊர் இது. முத்திரையை நம்பாதே, துணியைப் பார் என்று அனுபவம் கற்பித்திருக்கிறது. இயங்குதளத்துக்கும் அதுவே நீதி. மூலநிரல் முழுவதும் பொதுவில் வைக்கப்பட்டதா? தொடர்பற்ற வல்லுநர் ஆராய்ந்து முடிவை வெளியிட்டனரா? ஓட்டை தெரிந்தால் எத்தனை நாளில் அடைப்பர், எத்தனை ஆண்டு வரை அடைப்பர் என்ற உறுதிமொழி உண்டா? அந்தத் தளத்தின் தனிச் செயலிக் கடையில் எதை அனுமதிப்பது, எதை விலக்குவது என்று முடிவு செய்பவர் யார்? இவற்றுக்கு விடை தராத 'சுதேசி', வெறும் முத்திரையே.

மாற்று என்ற பெயர் இருப்பதாலேயே ஒரு தளம் பாதுகாப்பானதாகிவிடாது. கருவியின் தொடக்கப் பூட்டைத் திறந்து வேறு தளத்தை ஏற்றி, அப்பூட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டால், கருவி களவு போகும் நாளில் கள்வன் தன் நிரலையும் அதில் ஏற்றலாம். கூகிளின் உளவை ஒழித்தவன், தெருவில் போகிறவனுக்குக் கதவைத் திறந்துவிட்டவனாவான்.

ஆயினும் மாற்றுத் தளம் வேரூன்றாமைக்கு முதற்காரணம் தொழில்நுட்பமன்று, ஏகபோகம்! ஆண்ட்ராய்டுக்கு உரிமம் தந்த கூகிள், அதிலிருந்து பிரித்தெடுத்த வேறு தளங்களில் கருவி செய்யலாகாது என்று உற்பத்தியாளரை ஒப்பந்தத்தால் கட்டியது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 இல் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அபராதத்தை உறுதி செய்தது. அபராதம் விழுந்தது, ஆதிக்கம் விழுந்ததா?

விழவில்லை. விழவிடாமல் தாங்குவோரில் நம் வங்கிகளும் உண்டு. மாற்றுத் தளம் ஏற்றிய கைப்பேசியில் பல வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கின்றன. ஏன்? இந்தக் கருவி நம்பத்தக்கதா என்று அவை கேட்பது கூகிளின் சான்றை! கூகிள் தலையசைத்தால் கதவு திறக்கும்; இல்லையேல் உன் பணத்தை நீயே பார்க்க முடியாது. கூலி வரவு வந்ததா, நூல்காரருக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று கைப்பேசியிலேயே பார்த்துப் பழகிவிட்ட நெசவாளி, உளவுக்கு அஞ்சி வேறு தளத்துக்குப் போக நினைத்தாலும் எப்படிப் போவான்? மேடையில் சுதேசி முழக்கம், வாசலிலே கலிபோர்னியாக் காவலன்! இந்த முரண்பாட்டைப் பற்றி ஆளவந்தார்கள் வாய் திறப்பதுண்டா?

இனி மறுபக்கம். அயலானின் கண் ஆகாது. ஆளுவோரின் கண் மட்டும் ஆகுமா? 2025 நவம்பர் 28 இல், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு கைப்பேசியிலும் 'சஞ்சார் சாத்தி' செயலியை முன்னதாகவே ஏற்றியாக வேண்டும் என்று உத்தரவிட்டது யார்? கூகிளா? டில்லி அரசின் தொலைத்தொடர்புத் துறை! எதிர்ப்பு மூண்டதும் டிசம்பர் 3 ஆம் நாள் கட்டாயத்தைக் கைவிட்டனர். பெகாசஸ் உளவுப் புகாரை ஆராய உச்ச நீதிமன்றம் 2021 இல் அமைத்த குழு 29 கைப்பேசிகளைச் சோதித்தது. ஐந்தில் தீநிரல் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று முடிவாகச் சொல்ல இயலவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு கூறியதை 2022 ஆகஸ்டில் நீதிமன்றமே எடுத்துரைத்தது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24 இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அதன்பின் 2023 இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசின் கையிலேயே கொடுத்துவிட்டது. வேலியும் அவர்கள், வேலியில் விடப்பட்ட வழியும் அவர்களுக்கே!

குற்றவாளியைப் பிடிக்க வேண்டாமா, நாட்டைக் காக்க வேண்டாமா என்பர். வேண்டும், நீதிமன்ற ஆணை பெற்று, குறித்த ஆளை, குறித்த காலத்துக்குத் தேடுங்கள். திருடன் ஒருவன் ஊருக்குள் புகுந்தான் என்பதற்காக ஊரிலுள்ள எல்லா வீட்டுச் சாவியையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது காவலாகாது. மேலும், அரசுக்கென்று விடப்படும் பின்வாசல் அரசுக்கு மட்டும் திறக்கும் என்பது பேதைமை. அதைக் கண்டுபிடிக்கும் களவாளிக்கும் அது வாசலே.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. அரசு ஆதரவு பெறும் எந்தத் தளமாயினும் அதன் மூலநிரல் மக்கள் முன் வைக்கப்படட்டும். பொதுத்துறை வங்கிகள் கூகிளின் சான்றொன்றையே நம்பாமல், பாதுகாப்பு மெய்ப்பிக்கப்பட்ட பிற தளங்களையும் ஏற்கட்டும். கருவியை விலை கொடுத்து வாங்கியவனுக்கு அதன் பூட்டைத் திறக்கவும், தான் தேர்ந்த தளத்தை ஏற்றி மீண்டும் பூட்டவும் சட்டப்படி உரிமை வரட்டும். அரசுக்கு அளித்த விலக்கதிகாரம் நீக்கப்படட்டும்.

நெசவுக் குடும்பத்தில் சென்னிமலையில் 1904 இல் பிறந்த குமரன், 1932 சனவரியில் திருப்பூர்த் தெருவில் தடியடிபட்டு வீழ்ந்தபோதும் கொடியை விடவில்லை. அயலானிடமிருந்து பறித்து உள்ளூர் எசமானிடம் கொடுக்கவா அவன் உயிர் தந்தான்? பூட்டு எந்த நாட்டுப் பூட்டாயினும் ஆகுக. சாவி உடைமைக்காரன் கையில் இருத்தல் வேண்டும். அதற்குப் பெயர்தான் விடுதலை!