புள்ளியைப் படிப்பவர்கள்

பெருங்கடவிளையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் தினமும் காலையில் நெய்யாற்றின்கரை போய், அங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் பஸ் பிடிப்பாள். ஓர் ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய் செல்களைப் பற்றி ஆராய்ச்சி. ஒரு நாள் மாலை கையில் ஒரு படத்துடன் வந்தாள். வெளிறிய பின்னணியில் வரிசையாகச் சில கறுப்புப் பட்டைகள். “மூணு மாச வேலை போச்சு மாமா. அழிய வேண்டிய பட்டை அழியல்லே” என்றாள்.

அவள் விளக்கியதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் தடங்கல் சொல்லில்தான். ஆன்டிபாடியைத் தமிழ்நாட்டில் எதிர்ப்பொருள் என்கிறோம், இலங்கையில் பிறபொருளெதிரி. உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதம் அது. அந்தத் திறமையை விஞ்ஞானிகள் வேறு ஒரு வேலைக்கும் பயன்படுத்துகிறார்கள். ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்து கிடக்கும் செல் சாற்றில் ஒரே ஒரு புரதத்தைத் தேடிக் காட்டும் வேலை.

அவள் தேடியது இன்னும் நுட்பமானது. ‘வளர், பிரிந்து பெருகு’ என்று வெளியிலிருந்து வரும் கட்டளை, செல்லுக்குள் ஒரு புரதத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிச் செல்கிறது. கைனேஸ் என்ற நொதி, அடுத்த புரதத்தின் குறிப்பிட்ட இடத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். அந்தப் புரதம் விழித்துக்கொள்ளும். பாஸ்பேட்டேஸ் என்ற நொதி அதைப் பிய்த்து எடுத்ததும் மறுபடி அடங்கிவிடும். சில புரதங்களில் இது தலைகீழாகவும் நடக்கும். 1950களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இதைக் கண்டறிந்த எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் இருவருக்கும் 1992இல் நோபல் பரிசு கிடைத்தது. மனித உடலில் இருக்கும் கைனேஸ்கள் 500க்கு மேல். அவற்றில் ஒன்று அடங்காமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் அது புற்றுநோயில் போய் முடியலாம்.

தமிழ் படித்தவனுக்கு இதில் ஓலைச்சுவடி ஞாபகம் வருவது இயல்பு. ‘பல’ என்பதில் லகரத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தால் ‘பல்’. அந்தப் பெண் பள்ளியில் படித்த மலையாளத்தில் இதே வேலையைச் சந்திரக்கலை செய்கிறது. எழுத்து மாறவில்லை, ஆனால் சொல் மாறிவிட்டது. ஓலை கிழிந்துவிடும் என்று ஏடெழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை, உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் இடம் பார்த்து ஊகித்துப் படித்தார்கள். செல் விஷயத்தில் ஊகத்துக்கு இடமில்லை. பாஸ்பேட் ஒட்டிய புரதத்தை மட்டும் பற்றி, ஒட்டாத அதே புரதத்தை விட்டுவிடும் எதிர்ப்பொருள் வேண்டும்.

இதைத் தயாரிப்பதற்கு ஒரு வழி, புரதத்தின் அந்த இடத்தைப் பாஸ்பேட்டோடு ஒரு சிறு துண்டாகச் செயற்கையில் செய்து முயலுக்கு ஊசி போடுவது. முயலின் ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் பலவகையாக உருவாகும். பாஸ்பேட் இல்லாத துண்டையும் பற்றுகிறவற்றை வடித்து நீக்க வேண்டும். வடிகட்டல் அரைகுறையாக இருந்தால், புள்ளியை மட்டும் படிக்கும் என்று குப்பியில் சீட்டு ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது புள்ளி இல்லாத எழுத்தையும் படிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. செல் சாற்றில் ஒரு பங்கில் பாஸ்பேட்டேஸ் கலந்து புள்ளிகளை எல்லாம் அழித்துவிட வேண்டும். அதன் பிறகு பட்டை தெரியக் கூடாது. அந்தப் பெண்ணின் படத்தில் பட்டை அப்படியே இருந்தது. புள்ளிகள் அழிந்தன என்பதை இன்னொரு எதிர்ப்பொருளை வைத்து உறுதி செய்துகொண்டாள். ஆகவே பழுது குப்பியில்தான். அதை நம்பி எடுத்த மூன்று மாதப் படங்களில் எது மெய், எது பொய் என்று இப்போது சொல்ல முடியாது.

இந்தப் பட்டைகளுக்கும் நோயாளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1980களில் பாஸ்டன் நகரில் பிரையன் டிரூக்கர் என்ற மருத்துவர், டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிய பாஸ்பேட்டை அறியும் எதிர்ப்பொருளை உருவாக்கும் பணியில் இருந்தார். பிற்பாடு ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் அடங்காத கைனேஸைத் தடுக்கும் இமாடினிப் மருந்துக்கு முன்னின்று உழைத்தவர் அவரே. கைனேஸ் அடங்கியதா என்று பார்க்க, புள்ளியைப் படிக்கத் தெரிந்த எதிர்ப்பொருள் வேண்டியிருந்தது. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நாவர்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. மலிவான இந்திய மாத்திரைகள் நிலைத்தன.

கெட்ட குப்பிகள் நம் ஊருக்கு மட்டும் வந்து சேர்வதில்லை. 2015இல் ‘நேச்சர்’ இதழில் ஆண்ட்ரூ பிராட்பரியும் ஆந்திரியாஸ் புளுக்தூனும் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளுடன் சேர்ந்து ஓர் அறைகூவல் விடுத்தார்கள். இத்தகைய பொருள்களுக்கு உலகம் ஆண்டுக்குச் செலவிடும் சுமார் 160 கோடி டாலரில் பாதி, தரமற்றவற்றுக்குப் போகிறது என்பது அவர்கள் எடுத்துக்காட்டிய மதிப்பீடு. முயலுக்கு முயல், தொகுதிக்குத் தொகுதி மாறாதபடி, எதிர்ப்பொருளின் அமைப்பு வரிசையை அறிந்து அதைச் செல்களில் உற்பத்தி செய்ய வேண்டும் என்றார்கள். அப்படிப்பட்டவை இப்போது கடைக்கு வந்துவிட்டன. ஆனால் அவற்றையும் நம் கையால் சோதித்துத்தான் ஆக வேண்டும்.

இங்கேதான் நம் சிக்கல். ஒரு சின்னக் குப்பிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. வெளிநாட்டிலிருந்து குளிர்ச்சி கெடாமல் வந்து சேர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கும் மனுவில் எதிர்ப்பொருளுக்கு ஒரு வரி இருக்கிறது, அதைச் சோதிக்கும் செலவுக்குப் பெரும்பாலும் இல்லை. அழகான பட்டைக்குக் கட்டுரையில் இடம் கிடைக்கிறது. அழியாத பட்டை மேஜை இழுப்பறைக்குள் போகிறது. அடுத்த ஆய்வுக்கூடத்தில் இன்னொரு மாணவி அதே குப்பியை வாங்குகிறாள். பணம் கொடுக்கும் அரசுத் துறைகள் சோதனைக்கும் சேர்த்துக் கொடுத்து, அதன் படத்தையும் கேட்டு வாங்கினால் இது பெரும்பாலும் நின்றுவிடும்.

அந்தப் பெண்ணின் தாயார் ஒன்றுதான் கேட்டார்: “இதை முதல்லேயே பாத்திருக்கக் கூடாதா மக்களே?” அவள் பதில் சொல்லவில்லை. புதுக் குப்பிக்குச் சொல்லியிருக்கிறாள். வந்த அன்று முதல் வேலையாகப் புள்ளியை அழித்துப் பார்க்கப் போகிறாளாம். பழைய படத்தைக் கிழிக்காமல், தேதி போட்டு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள்.