மாட்டில் பாதி யாருக்கு?

"பணம் என்னுடையது, உழைப்பு உன்னுடையது, லாபத்தில் ஆளுக்குப் பாதி." கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் இதற்குக் 'காடுஹான்' என்று பெயர். நம் ஊரில் கன்றை வாரத்துக்கு விடுகிறார்களே, அதன் உடன்பிறப்பு இது. பணக்காரர் காளைக்கன்று வாங்கிக் கொடுப்பார். ஏழைக் குடியானவர் அதைத் தம் கொட்டிலில் கட்டிக் கொழுக்க வைத்து, பக்ரீத் சந்தைக்குத் தயார் செய்வார். விற்ற பணத்தில் கன்றின் விலையை முதலாளி முதலில் எடுத்துக்கொள்வார். மிச்சத்தில்தான் பாதிக்குப் பாதி.

தோழர்களே, இங்கேதான் பித்தலாட்டம் ஒளிந்திருக்கிறது!

300 கிலோ எடையுள்ள காளை நாளொன்றுக்குச் சுமார் 30 கிலோ பச்சைப்புல் தின்னும். ஆறு மாதத்துக்கு 5,400 கிலோ! அத்தனையையும் அறுத்துச் சுமந்து வந்தது யார்? சாணி அள்ளியது யார்? குடியானவரும் அவர் மனைவி மக்களும். போட்ட பணம் 'முதல்' என்று முழுசாகத் திரும்புகிறது. சிந்திய வேர்வை எந்தக் கணக்கில்? ஒரு கணக்கிலும் இல்லை! கூலியைக் கழிக்காமல் மிச்சத்தையெல்லாம் 'லாபம்' என்பது, கூலியில் பாதியை முதலாளி மடியில் கட்டுவதே ஆகும். பஞ்சு விலையை எடுத்துக்கொண்டு, "உன் கூலியையும் என் லாபத்தையும் ஒன்றாகக் கொட்டிப் பாதி பிரிப்போம்" என்று மில் முதலாளி சொன்னால் நாம் ஒப்புவோமா?

"பணம் போட்டவருக்கும் நஷ்டம் வருமே" என்பார்கள். வரும், மறுக்கவில்லை. 1990-இல் கோமாரி ஒழிந்த நாடாக அங்கீகரிக்கப்பட்ட இந்தோனேசியாவில், 2022-இல் அந்நோய் மீண்டும் பரவியது. மாட்டுச் சந்தைகள் மூடப்பட்டன. மாடு செத்தால் முதலாளிக்குப் பணம் நஷ்டம். வளர்த்தவருக்கோ மாதக்கணக்கான உழைப்பு நஷ்டம். அதற்குமேல் "உன் கவனக்குறைவு" என்ற பழி விழுந்தால், கன்றின் விலையையும் அவரே கட்டியழ வேண்டும்!

அந்நாட்டின் 1960-ஆம் ஆண்டு வாரச் சட்டம், விதை, உரம், நடவு, அறுவடைச் செலவுகளைக் கழித்த பிறகே விளைச்சலைப் பங்கிடச் சொல்கிறது. அதை அமல் நடத்தக் கோரி 1964-இல் ஜாவாக் குடியானவர்கள் போராடினார்கள். வயலுக்குப் பொருந்தும் நியாயம் கொட்டிலுக்குப் பொருந்தாதா?

புல்லுக்கும் வேலைக்கும் உரிய கூலியை முதலில் கழி! ஒப்பந்தத்தை எழுத்தில் கொடு! நோயில் செத்த மாட்டுக்கு வளர்த்தவரிடம் ஈடு கேட்காதே! கூட்டுறவுக் கடன் கொடுத்து, கன்றை வளர்ப்பவருக்கே சொந்தமாக்கு!

வாரத்துக்கு மாடு பிடிக்கும் நம் ஊர் விவசாயத் தொழிலாளியும் இதையே கேட்க வேண்டும். ஒருவர் கேட்டால் கன்று வேறு கொட்டிலுக்குப் போய்விடும். ஊரே சேர்ந்து கேட்டால் கணக்கு மாறும்!