நோமோட்செட்டை எடுத்துவிட்டீர்களா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. டிபிஎம் 2.0 இல்லாத கணினிக்கும், எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான இன்டெல் சிப் உள்ள கணினிக்கும் விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. பெங்களூரில் இதற்கு என்ன அர்த்தம் என்று எஸ்.பி. ரோடு கடைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐடி கம்பெனிகள் கழித்துக்கட்டும் லேப்டாப்பும் வொர்க்ஸ்டேஷனும் வந்து குவியும் தெரு அது. அவற்றில் பலவற்றுக்கு இனி லினக்ஸ்தான் வழி. கூடவே பழைய புகாரும் திரும்ப வருகிறது: டிஸ்க் போட்டால் மெனு வருகிறது, இன்ஸ்டால் கொடுத்ததும் திரை கறுத்துப்போகிறது. அல்லது ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்கிறது மானிட்டர். அதுவும் இல்லையென்றால் எல்லாம் பெரிது பெரிதாக வந்து, ‘நெக்ஸ்ட்’ பொத்தான் திரைக்குக் கீழே போய்விடுகிறது.

இதற்கு நம் ஆட்கள் எல்லோரும் கைவசம் வைத்திருப்பது ஒன்றே. மெனுவில் ‘ஈ’ அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் சேர்த்து, எஃப்10. உபுண்டுவின் ‘சேஃப் கிராஃபிக்ஸ்’, ஃபெடோராவின் ‘பேசிக் கிராஃபிக்ஸ் மோட்’ இரண்டும் செய்வது இதையேதான். திரை வந்துவிடும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை அப்படியே விட்டு மெஷினை டெலிவரி கொடுப்பது, தையல் பிரிக்காமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது போல.

இந்த ஊரில் 2001-இல் ‘லினக்ஸ் பெங்களூர்’ மாநாடு தொடங்கிய காலத்து ஆட்களுக்கு வேறு தலைவலி இருந்தது. எக்ஸ் விண்டோவின் அமைப்புக் கோப்பில் மானிட்டரின் கிடை அதிர்வெண்ணையும் நிலை அதிர்வெண்ணையும் கையாலேயே எழுத வேண்டியிருக்கும். 640-க்கு 480 திரைக்கு 31.5 கிலோஹெர்ட்ஸ். அதற்குமேல் எவ்வளவு தாங்கும் என்று கையேட்டைப் புரட்ட வேண்டும். தப்பாகப் போட்டால் பழைய குழாய் மானிட்டர் கெட்டுப்போகவும் கூடும். மானிட்டர் தன் விவரத்தைத் தானே சொல்லும் 128 பைட் ஈடிஐடி பரவிய பிறகு அந்தச் சுமை குறைந்தது. 2009-இல் கெர்னல் 2.6.29-இலிருந்து, இன்டெல் சிப்புகளுக்குத் திரை மோடை அமைக்கும் வேலையைக் கெர்னலே எடுத்துக்கொண்டது. இன்றைய கறுப்புத் திரை பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ கொடுத்த திரையில் மெனு ஓடுகிறது. கெர்னல் டிரைவர் அதைத் தன் கைக்கு மாற்றும் நொடியில் ஏதோ இடறுகிறது. அந்தக் கைமாற்றத்தைத் தடுப்பதுதான் நோமோட்செட்.

ஆகவே வரியைத் திருத்தும் முன், திரை எப்போது போனது என்று பாருங்கள். மெனுவே கோணலாக வந்தால் கெர்னல் இன்னும் ஏறவேயில்லை. அது பூட்லோடரான க்ரப்பின் ஜிஎஃப்எக்ஸ்மோட் விவகாரம். மெனு நன்றாக வந்து பிறகு கறுத்தால் டிரைவர். ‘நோ சிக்னல்’ என்றால் முதலில் மெஷினின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள்: கிராஃபிக்ஸ் கார்டு இருக்க, கேபிள் மதர்போர்டில் சொருகியிருக்கும். பொத்தான் மட்டும் தெரியவில்லையென்றால் எந்த வரியையும் தொட வேண்டாம். ஆல்ட் அல்லது விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு ஜன்னலை மேலே இழுத்தால் போதும்.

பயிற்சி மையங்களிலும் சின்ன ஆபீஸ்களிலும் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். மலிவான விஜிஏ கேபிள்களில் 12, 15 பின்கள் இல்லாமலே வருவதுண்டு. ஈடிஐடி வருவது அந்த வழியில்தான். படம் பளிச்சென்று வரும். ஆனால் மானிட்டர் யார் என்று கெர்னலுக்குத் தெரியாது, 1024-க்கு 768-இல் நின்றுவிடும். பழைய கேவிஎம் ஸ்விட்சும் இதே வேலையைச் செய்யும். இருபது வகை பூட் ஆப்ஷன் போட்டுப் பார்ப்பதைவிட, பையில் ஒரு நல்ல கேபிள் வைத்திருப்பது லாபம்.

“விண்டோஸ் போடும்போது வராத பிரச்சினை இதுக்கு மட்டும் ஏன்ணா வருது?” என்று கஸ்டமர் கேட்பார். நியாயமான கேள்வி. விண்டோஸ் செட்டப் தொடக்கத்தில் கம்பெனி டிரைவர் எதையும் ஏற்றுவதில்லை. யுஇஎஃப்ஐ கொடுத்த திரையிலேயே ஓடி, அசல் டிரைவரைப் பிறகு போட்டுக்கொள்கிறது. லினக்ஸ் டிஸ்க் முதல் நிமிடத்திலேயே அசல் டிரைவரில் ஓடப் பார்க்கிறது. நோமோட்செட் போட்டால் அதுவும் விண்டோஸ் செட்டப் போலவே நடந்துகொள்கிறது. வித்தியாசம் என்னவென்றால், விண்டோஸ் தானே அடுத்த படிக்குப் போகும். இங்கே நாம் போக வேண்டும்.

போகாவிட்டால்? ஃபெடோராவின் நிறுவியான அனகோண்டா, நோமோட்செட்டைக் கண்டால் நிறுவிய கணினியிலும் எழுதிவைத்துவிடும். உபுண்டுவில் பூட் வரியிலுள்ள மூன்று கோடுகளுக்குப் பின் நீங்கள் சேர்த்தது அப்படியே போய் உட்காரும். பிறகு படம் வரைவது முழுக்கப் பிராசஸரின் தலையில். வீடியோ பார்த்தால் ஃபேன் அலறும், பேட்டரி இறங்கும், புரொஜெக்டர் எடுக்காது, மூடிவைத்த லேப்டாப் எழாமலும் போகலாம். “லினக்ஸ் ஸ்லோ” என்று கஸ்டமர் நம்பிவிடுவார். முன்பெல்லாம் 1024-க்கு 768 என்று இழுபட்ட திரையே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது யுஇஎஃப்ஐ பேனலின் முழு அளவையும் கொடுத்துவிடுவதால் திரை குறையில்லாமல் தெரிகிறது, மறதி மறைந்துவிடுகிறது.

டெலிவரிக்கு முன் ப்ராக் அடைவிலுள்ள சிஎம்டிலைன் கோப்பைத் திறந்து நோமோட்செட் இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பதை ஜாப் கார்டிலேயே அச்சடித்துவிட வேண்டும் என்பது இந்த இதழின் நிலை. செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் என்ற இடத்தில் ‘எல்எல்விஎம்பைப்’ என்று நின்றாலும் அதே கதைதான். இன்டெலும் என்விடியாவும் சேர்ந்த லேப்டாப்பில் நோமோட்செட் இரண்டையுமே முடக்கும், அங்கே அதற்குப் பதில் நூவோ.மோட்செட்=0 போட்டால் என்விடியா பக்கம் மட்டும் ஒதுங்கும், இன்டெல் தன் வேலையைப் பார்க்கும். தனி என்விடியா கார்டு என்றால் டிரைவரைப் போட்டு, க்ரப் கோப்பிலிருந்து நோமோட்செட்டை நீக்கி, உபுண்டுவில் அப்டேட்-க்ரப் கொடுத்த பிறகே ரீபூட். கழித்த வொர்க்ஸ்டேஷன்களில் வரும் குவாட்ரோ கார்டுகளில் மட்டும் பெயரை நம்ப வேண்டாம். கே2000 கெப்ளர் வகை, 470 வரிசை டிரைவரோடு அதற்குக் கதை முடிந்தது. கே2200 மேக்ஸ்வெல், அதைத் தாண்டியும் ஓடும். எல்எஸ்பிசிஐ கொடுத்துப் பார்த்துவிட்டுக் கஸ்டமருக்கு வாக்குக் கொடுங்கள்.