கோட்டு வேண்டாம் மச்சி, டைலர் கடைக்குப் போ

ஃபைனல் இயர் பசங்களுக்கு மார்ச் மாசம் வந்தா ரெண்டு கவலை. ஒண்ணு அரியர், இன்னொண்ணு கோட்டு. அரியரைப் பத்தி எழுத எனக்குத்தான் தகுதி அதிகம் :-) ஆனா இன்னைக்கு கோட்டு.

நம்ம பக்கத்துக் காலேஜ் ஒண்ணுல (பேர் வேண்டாம், ஹால் டிக்கெட் இன்னும் அவங்க கையில இருக்கு) கேம்பஸ் இண்டர்வியூவுக்கு நோட்டீஸ் ஒட்டினாங்க. பசங்களுக்கு கோட்டும் டையும் கட்டாயம்னு. கீழ்பென்னாத்தூர் சுத்துப்பட்டு கிராமத்துல இருந்து வர்றவங்க எத்தனை பேர்! மல்லாட்டை போட்டுட்டு மழைக்கு வானத்தைப் பாக்கிற வீடுங்க. சில பேர் வாடகைக்கு எடுத்தாங்க. ஒருத்தன் அண்ணனோட ரிசப்ஷன் கோட்டை மாட்டிட்டு வந்தான், கை விரல் நுனி மட்டும்தான் வெளிய தெரிஞ்சுது.

எங்க கிளாஸ்ல அக்கவுண்ட்ஸ்ல முதல் மார்க் வாங்குறவன் அன்னைக்கு வரவே இல்ல. போன் பண்ணா "காய்ச்சல்டா"ன்னான். சாயங்காலம் பாத்தா ஏரிக்கரையில பவுலிங் போட்டுட்டு இருக்கான். அப்புறம்தான் சொன்னான், வீட்ல காசு கேக்க வாய் வரலைன்னு. இதுல கொடுமை என்னன்னா, இண்டர்வியூ எடுக்க வந்தவரு போட்டிருந்தது அரைக்கை சட்டை.

பி.காம் படிக்கிறோம், கணக்காவே பாப்போமே. 4,000 ரூபாய்க்கு கோட்டு வாங்கி இண்டர்வியூவுக்கு ஒரு தடவை, ஃபேர்வெல்லுக்கு ஒரு தடவை போட்டா, ஒரு தடவைக்கு 2,000. அப்புறம் அது பீரோவுக்குள்ள தூங்கும். பேண்ட் பிட்டு, சட்டை பிட்டு, தையக்கூலி எல்லாம் சேர்த்து 1,600 ஆகுதுன்னு வைங்க. வாரம் மூணு நாள் ஒரு வருஷம் போட்டா ஒரு தடவைக்கு 11 ரூபா கூட வராது. அந்த 4,000-ல ரெண்டு செட் தைச்சு, மிச்சத்துல ஷூவும் வாங்கிடலாம்.

"ஆள் பாதி ஆடை பாதி"ன்னு சீனியருங்க சண்டைக்கு வருவாங்க. நானும் அதைத்தான் சொல்றேன். கிழிஞ்ச ஜீன்ஸ்ல போகச் சொல்லல. ஆடைன்னா கோட்டுதான்னு யார் சொன்னது? 2019-ல தமிழ்நாடு அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை விதி போட்டுச்சு. ஆம்பளைங்களுக்கு சட்டையும் ஃபார்மல் பேண்ட்டும், இல்லேன்னா வேட்டி. கோர்ட்டு, தீர்ப்பாயம்னு ஆஜராகும்போதுதான் கோட்டுப் பேச்சே வருது. (அந்த உத்தரவைக் காட்டித்தான் 2024-ல துணை முதல்வர் உதயநிதி டீ-ஷர்ட் போடறதை எதிர்த்து ஹைகோர்ட்டுக்கே போனாங்க. நம்ம ஊர்ல துணி சாதாரண விஷயம் இல்ல சாமி.) கோட்டையில வேலை பாக்கிறவங்களுக்கே சட்டை பேண்ட் போதும்னா, வேலை கேட்டு வர்ற இருபது வயசுப் பையனுக்கு எதுக்கு கோட்டு?

2014 ஜூலையில நடந்தது ஞாபகம் இருக்கா? ஹைகோர்ட் நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டிட்டு ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போனாரு. சேப்பாக்கத்துல இருக்கிற கிரிக்கெட் சங்க கிளப்ல உள்ள விடல. அடுத்த மாசமே சட்டசபையில சட்டம் வந்துச்சு. வேட்டிக்காக ஆளைத் தடுத்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபா அபராதம், லைசென்ஸும் போகும். நீதிபதிக்கு நடந்ததால ஊரே பேசுச்சு. எங்க கிளாஸ் பையனை வாசல்ல யாரும் தடுக்கல, அவனாவே வீட்ல இருந்துட்டான். அதனால யாருக்கும் தெரியல. (அதுக்காக வேட்டியோட இண்டர்வியூ போவியான்னு கேட்டா, எனக்கு தைரியம் இல்லீங்கோ.)

சரி, டைலர் கடை. ரெடிமேட்ல எனக்கு தோள் சரியா இருந்தா கை நீளும், கை சரியா இருந்தா வயிறு பிடிக்கும். நல்லா உட்கார்ற சட்டை ஒண்ணை அளவுச் சட்டையா எடுத்துட்டுப் போங்க. தோள் தையல் தோள் எலும்பு முடியற இடத்துல நிக்கணும், முழுக்கை மணிக்கட்டோட நிக்கணும். இதைச் சொல்லியே வாங்குங்க, இல்லேன்னா "இப்ப இதுதான் தம்பி பேஷன்"னு அவர் இஷ்டத்துக்கு வெட்டிடுவார். பேண்ட் இடுப்புல உள்ள ஒரு இஞ்ச் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்க. வேலைக்குப் போனா தொப்பை வரும், பிரிச்சு விட்டுக்கலாம். துணி காட்டன் கலந்ததா இருக்கட்டும். முழு பாலியஸ்டர் போட்டுட்டு நம்ம ஊர் மே மாசத்துல பஸ் ஏறினா முதுகுல ஒட்டிக்கும். வெள்ளைச் சட்டை வேண்டாம், திருவண்ணாமலை போய்ச் சேர்றதுக்குள்ள ஜன்னல் கம்பி அதுல கோடு போட்டுடும். வெளிர் நீலம் தாங்கும். ஷூவும் பெல்ட்டும் ஒரே கலர். சாக்ஸ் துவைச்சதா இருக்கட்டும், இதுக்கு மேல விளக்கமா சொன்னா ஹாஸ்டல் பசங்க அடிக்க வருவாங்க.

சென்னையில இண்டர்வியூன்னா இண்டர்வியூ சட்டையோட ராத்திரி பஸ்ல ஏறாதீங்க. அயர்ன் பண்ணி பேப்பர் சுத்தி பையில மேலாக வைங்க. கிளாம்பாக்கத்துல இறங்கி முகம் கழுவிட்டு மாத்திக்கலாம்.

பிளேஸ்மெண்ட் பாத்துக்கற சார்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த வருஷ நோட்டீஸ்ல "சுத்தமான சட்டை, பேண்ட், ஷூ"ன்னு மட்டும் எழுதுங்க. கோட்டு இருக்கிறவன் போட்டுட்டு வரட்டும், யாரும் தடுக்கல.

நம்ம பவுலர் வர்ற வாரம் திருவண்ணாமலையில ஒரு ஆடிட்டர் ஆபீசுக்குப் போறான். சட்டை பிட்டு நேத்து தேரடித் தெருவுல எடுத்தாச்சு, வெளிர் நீலம். டைலர் அண்ணன் எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கிடுவாரு, அதுக்குள்ள அளவுச் சட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்கணும். வர்ட்டா!