கோடும் சொல்லும்: ஓவியக் குறிப்பேடுகளும் நாமக்கல் கவிஞர் பதிப்புகளும்

ஓவியர் ஒருவர் தம் குறிப்பேட்டில் வரைந்த கோட்டோவியங்களும் அவற்றினூடே எழுதிய கவிதை வரிகளும் கையெழுத்து மாறாமல் அச்சேறும்போது, அந்நூல்கள் வாசகரைப் பெரிதும் ஈர்க்கின்றன. மெக்சிகோ நாட்டு ஓவியர் பிரீடா காலோ தம் இறுதிப் பத்தாண்டுகளில் எழுதியும் வரைந்தும் வைத்த நாட்குறிப்பு, அவர் மறைந்து நாற்பதாண்டுகள் கழிந்து 1995இல் வெளிவந்தது. இன்றும் விரும்பிப் படிக்கப்படுகிறது. புகழ்பெற்றோரின் அந்தரங்கத்தை அறியும் ஆவலே இதற்குக் காரணம் என்பர் சிலர். அவ்வாவலும் உண்டு, ஆயின் அது மட்டுமே காரணமன்று.

தமிழ் இதழ்களில் கவிதைக்குப் படம் வரையும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. அங்குக் கவிதை முந்துகிறது. படம் அதற்கு உரைபோல் பின்வருகிறது. சித்திரகவியிலோ நாகம், தேர் முதலிய வடிவங்கள் முன்னரே வரையறுக்கப்பட்டிருக்க, எழுத்துகள் அவற்றின் அறைகளுள் அமைகின்றன. குறிப்பேட்டில் இத்தகைய முன்பின் இல்லை. ஒரே கை சொல்லிலிருந்து கோட்டிற்கும் கோட்டிலிருந்து சொல்லிற்கும் மாறுகிறது. 1924இல் ‘பூரவி’ கவிதைகளை எழுதுகையில், தாகூர் தாம் அடித்துவிட்ட வரிகளை மைக்கோடுகளால் இணைத்து விந்தையான உருவங்களாக்கினார். அப்பழக்கம் வளர்ந்தே 1930இல் பாரிசில் அவர்தம் ஓவியக் கண்காட்சி நிகழ்ந்தது. திருத்தமான அச்சுப் பதிப்பை மட்டும் படிப்பவர்க்குக் கவிஞர் ஓவியராக மாறிய அத்தருணம் புலப்படுவதில்லை. படைப்பு முடிந்த நிலையையன்றி, அது உருவாகும் நிலையைக் காட்டுவதே இந்நூல்களின் ஈர்ப்பாகும்.

இந்நோக்கில் தமிழில் முதற்கண் கருதத்தக்கவர் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை (1888–1972). உருவப்படம் வரைதலைத் தொழிலாகக் கொண்டிருந்த அவர், பின்னரே கவிஞராக நாடறியப் பெற்றார். 1930இல் வேதாரணியம் உப்புச் சத்தியாகிரகத்திற்கு அவர் இயற்றிய வழிநடைப் பாடல் அவரை மக்களிடையே நிலைநிறுத்தியது. 1949இல் சென்னை மாகாண அரசவைக் கவிஞரானார். தம் ஓவிய வாழ்வை ‘என் கதை’ என்னும் தன்வரலாற்றில் அவரே பதிவுசெய்துள்ளார். எனினும், பரவலாகப் புழங்கும் அவர்தம் கவிதைப் பதிப்புகள் சொற்களை மட்டுமே தருகின்றன. ஆய்வுகளும் பெரும்பாலும் தேசியம், காந்தியம், அறம் என்னும் பொருண்மைகளில் நின்றுவிடுகின்றன. உருவப்படம் எழுதிப் பழகிய கண், கவிதையில் மாந்தரை எவ்வாறு காட்டியது என்ற வினா உரிய அளவில் எழுப்பப்படவில்லை.

இப்புறக்கணிப்பிற்கு ஊடகத்தின் இயல்பும் ஒரு காரணமாகும். கவிதை அச்சேறிப் பல படிகளாகப் பெருகுகிறது. உருவப்படமோ வரைவித்தவர் இல்லத்திற்குச் சென்று, ஒற்றைப் படியாகச் சுவரில் தங்கி, ஈரத்திற்கும் கரையானுக்கும் இரையாகிறது. ஆகவே ஓவியத்தை இழத்தல் மீட்க இயலாத இழப்பாகும்.

படைப்பாளர் கைவிட்டவற்றையும் முற்றுப்பெறாதவற்றையும் அச்சிடுதல் முறையன்று என்னும் மறுப்பு எழலாம். அது எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும், பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் பேணிய உ.வே. சாமிநாதையரின் பதிப்பு மரபு, ஏற்ற பாடத்தோடு ஏலாத பாடமும் ஆய்வுக்குரியதே என்பதை உணர்த்தியுள்ளது. சொல்லின் வேறுபாட்டைக் காத்த பதிப்பியல் கோட்டையும் காப்பதில் முரண் ஒன்றுமில்லை.

எனவே, நாமக்கல் கவிஞரின் ஓவியங்கள், வரைவுகள், கையெழுத்துப் படிகள் ஆகியவற்றுள் எஞ்சியவற்றைத் தேடி, ஒளிப்படமெடுத்து, கவிதைகளோடு காலமுறைப்படி இணைத்துப் பதிப்பித்தல் வேண்டும். மோகனூர், நாமக்கல் முதலாக நாமகிரிப்பேட்டை ஈறாகவுள்ள இவ்வட்டாரத்தின் பழைய இல்லங்களிலும் பள்ளிகளிலும் இதற்கான களப்பணி தொடங்கலாம். நூலகத்தோடு அமையாமல் ஊர்ப்புறத்திற்குச் செல்லும் ஆய்வாளர்க்கு இது தகுந்த பணி. அவர்தம் பெயரைத் தலைமைச் செயலக மாளிகைக்குச் சூட்டிய தமிழகம், அவர் கையின் கோட்டையும் அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்லக் கடமைப்பட்டுள்ளது.